தேசிக்காய் வெட்டுகிறவள்

மகளின் உயர்தரக் கொப்பியில் அவளைக் கண்டேன்.
கிரேக்க உரோம நாகரிகம், இரண்டாம் தவணை.
நீலப் பேனையால் கீறிய முக்காலி ஒன்று,
அதன்மேல் தலைவிரித்த ஒரு பெண்.
டெல்பி, நிலவெடிப்பு, புகை என்று அம்புக்குறிகள்.
அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை
நின்றபடியே வாசித்தேன்.

அவளுக்கும் குறித்த நாளில்தானாம் வாக்கு.
எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்.
அவள் வாயில் ஏதோ இலை, எனக்கு வேப்பிலை.
ஆட்டின் தலையில் தண்ணீர் தெளித்து
அது உதறினால்தான் அவளுடைய சாமி சம்மதிக்கும்;
கோண்டாவிலில் ஒழுங்கை முனைக்கு
ஓட்டோ வந்து நின்றாலே சம்மதித்த மாதிரி.
அவள் முனகியதைப் பாட்டாக்கிக் கொடுக்க
ஆம்பிளைகள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தார்களாம்.
எனக்கு அதுவும் நானே.

"ஆற்றைக் கடந்தால் ஒரு பேரரசு அழியும்"
என்று ஒரு ராசாவுக்குச் சொன்னாளாம்.
கடந்தான். அழிந்தது அவனுடையது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
தொழில் தெரிந்தவள்.

நானும் அப்படித்தான்:
"தண்ணி சூழ்ந்த இடம். இரும்புக் கதவு.
உன்ர பேரைச் சொல்லிக்கொண்டு கிடக்கிறான்."
இந்தத் தீவில் தண்ணி சூழாத இடம் எது?
எந்தச் சிறைக்கு மரக்கதவு?

அடுத்த பக்கத்தில் இன்னொருத்தி.
கடவுள் அவள் வாயில் துப்பினானாம்,
சொல்வதெல்லாம் பலிக்கும், ஒருவரும் நம்பார் என்று.
மரக்குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தினாளாம்.
அந்த இடத்தில் மகள் சிவப்பால் கோடிட்டுப்
பாவம் என்று எழுதியிருந்தாள்.
பாவமோ?
நான் வாய் திறந்தால்
குருநகரிலிருந்து கொடிகாமம் வரைக்கும் நம்பினார்கள்.

எமிலியானா நம்பினாள்.
முந்தானைக்குள் செபமாலையை ஒளித்துக்கொண்டு வருவாள்,
பங்குச் சுவாமிக்குத் தெரியக் கூடாது.
மகன் றெஜினோல்ட், இருபத்திரண்டு வயது,
வலைக்கு ஈயக்குண்டு வாங்கப் போனவன்.
நான் தேசிக்காய் வெட்டினேன்.
இரண்டு பாதியும் நிமிர்ந்து விழுந்தன.
நிமிர்ந்து விழாவிட்டாலும்
அந்தக் கண்களுக்கு நான் வேறு என்ன சொல்ல?
"இருக்கிறான்."

பதினேழு வருசம்.
மத்தியானம் அவனுக்கென்று ஒரு கோப்பை சோறு,
ஒட்டி மீன் குழம்பு, மேலே ஒரு பொரித்த மிளகாய்.
பொழுதுபடக் காகத்துக்கு.

கொப்பியின் கடைசியில் அதுவும் இருந்தது:
அளவுக்கு மிஞ்சிச் சொல்லிவிட்ட ஒரு குருட்டு ராசா.
தண்டனையாய், பறவை உடம்புள்ள பெண்கள்
அவன் கோப்பைச் சோற்றைப் பறித்துப் போவார்கள்,
மிச்சத்தில் எச்சமிடுவார்கள்.
அங்கே சொன்னவன் கோப்பையில்தானே பறவை விழுந்தது.
இங்கே கேட்டவள் கோப்பையில்.
மூடி வைத்துவிட்டுப் பாற்சட்டியைத் தேய்த்தேன்.

போன வெள்ளி வந்தாள்.
கையில் கச்சேரிக் கடதாசி.
இறந்ததாக ஒரு பத்திரம் எடுக்கலாமாம்,
காணாமற்போனதாக வேறொன்றும் எடுக்கலாமாம்;
அதில் இருக்கிறான் என்றும் இல்லை,
இல்லை என்றும் இல்லை.
அரசாங்கமும் வாக்குச் சொல்லப் பழகிவிட்டது.
"எதில கையெழுத்து வைக்க, பிள்ளை? நீ பாத்துச் சொல்லு."

கற்பூரம் எரிந்து தீர்ந்தது.
தேசிக்காய் தட்டில் முழுசாய்க் கிடந்தது.
முக்காலியும் இல்லை, வெடிப்பும் இல்லை,
பின்வளவில் மோட்டர் தண்ணீர் இறைக்கும் சத்தம்.
"எனக்குத் தெரியாதம்மா" என்றேன்.
"அண்டைக்கும் தெரியாது."

எமிலியானா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
கடதாசியை நாலாய் மடித்து இடுப்பில் செருகினாள்.
தட்டில் நூறு ரூபாய்.
"இண்டைக்கு உனக்கு உரு வரேல்லைப் பிள்ளை,
களைச்சுப் போனாய்.
வாற வெள்ளி வாறன்."